நிலையற்ற பணியும் ஆசிரியரின் ஊக்கமும்: பெருந்தொற்றுக் காலம் தரும் பாடம்



2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுவில் நாட்டின் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. சில வாரங்களில் திறந்துவிடும் என்ற எண்ணத்தோடு மூடப்பட்ட கதவுகள் பல மாநிலங்களில் ஓராண்டு கடந்தும் முழுமையாகத் திறக்கப்படவில்லை. சிறு குழந்தைகளின் வகுப்புகள் அதனினும் நீண்ட காலம் மூடியே கிடந்தன. ஏறத்தாழ 24.7 கோடிக் குழந்தைகளின் பள்ளிப் படிப்பு பாதிக்கப்பட்டதாக யுனிசெஃப் நிறுவனம் கணக்கிட்டது. அக்குழந்தைகள் இழந்த கல்வியைப் பற்றிப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவர்களுக்குக் கற்பித்தவர்கள் அக்காலத்தை எவ்வாறு கழித்தனர் என்பது பற்றிய பேச்சு ஒப்புநோக்கக் குறைவே. ஆசிரியரின் பணி நிலைத்திருத்தலுக்கும், அவரது மனநலத்திற்கும், கற்பித்தலில் அவர் காட்டும் ஊக்கத்திற்கும் உள்ள தொடர்பை அக்காலம் தெளிவாகப் புலப்படுத்திற்று. அத்தொடர்பே இவ்வுரையின் பொருளாகும்.

மூன்று வகை ஆசிரியர்கள்

ஓர் ஊரில் மூன்று ஆசிரியர்கள் இருப்பதாகக் கொள்ளலாம். மூவரும் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குக் கற்பிப்பவர்கள். மூவரும் ஒரே வகைப் பயிற்சி பெற்றவர்கள். முதலாமவர் அரசுப் பள்ளியில் நிரந்தரப் பணியில் இருப்பவர். இரண்டாமவர் அதே அரசுப் பள்ளியில் தொகுப்பூதியத்திலோ ஒப்பந்த அடிப்படையிலோ பணியாற்றுபவர். மூன்றாமவர் அரசு நிதியுதவி பெறாத தனியார் பள்ளியின் ஆசிரியர். பள்ளி மூடப்பட்ட மாதத்தில் முதலாமவருக்கு வழக்கம்போல் சம்பளம் வந்தது. இரண்டாமவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற ஐயம் எழுந்தது; நாட்கணக்கில் ஊதியம் பெறும் விருந்தினர் ஆசிரியராக இருப்பின் பள்ளி நடவாத நாளுக்கு ஊதியம் உண்டா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. மூன்றாமவரின் சம்பளம் பாதியாயிற்று, அல்லது நின்றே போயிற்று. மூவரின் தகுதியிலோ உழைப்பிலோ அந்த மாதத்தில் எவ்வித மாறுதலும் ஏற்படவில்லை. மாறுபட்டிருந்தது அவர்களுடைய நியமன ஆணையின் தன்மை ஒன்றே.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரத்தின்படி 2020-21ஆம் ஆண்டில் நாட்டில் ஏறத்தாழ 97 லட்சம் ஆசிரியர்கள் இருந்தனர். நிரந்தரப் பணியினர் இவர்களுள் ஒரு பகுதியினரே. ஒப்பந்த ஆசிரியர் முறை பெருந்தொற்றுக்கு நெடுங்காலம் முன்பே வேரூன்றியிருந்தது. ராஜஸ்தானில் ஆசிரியர் செல்லத் தயங்கிய தொலைக் கிராமங்களுக்காக 1987இல் சிக்ஷா கர்மி திட்டம் தொடங்கப்பட்டது. 1990களில் மத்தியப் பிரதேசமும், அதன்பின் உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களும் வெவ்வேறு பெயர்களில் குறைந்த ஊதிய ஆசிரியர்களைப் பெருமளவில் நியமித்தன. பள்ளி இல்லாத சிற்றூருக்கு விரைவில் பள்ளி வேண்டும். மாநில நிதிநிலையோ முழு ஊதியம் தரும் நிலையில் இல்லை. இவ்விரு நெருக்கடிகளுக்கும் இடையே பிறந்த ஏற்பாடு இது. இதனால் பல லட்சம் குழந்தைகள் முதன்முறையாகப் பள்ளிக்கு வந்தனர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் தற்காலிகம் எனத் தொடங்கியது நிலைத்துவிட்டது. ஒரே பணிக்கு ஒரே ஊதியம் என்ற கொள்கை தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மாநிலம் தொடர்பான வழக்கில் 2016 அக்டோபரில் தீர்ப்பளித்தது. எனினும் 2017 ஜூலையில் உத்தரப் பிரதேச சிக்ஷா மித்ராக்களை நிரந்தரப்படுத்தியது செல்லாது என அதே நீதிமன்றம் கூறிற்று. 2019 மே மாதம் பீகாரின் சுமார் மூன்றரை லட்சம் ஒப்பந்த ஆசிரியர்களின் சம ஊதியக் கோரிக்கையையும் அது ஏற்கவில்லை. ஒவ்வொரு தீர்ப்புக்கும் அதற்குரிய சட்டக் காரணங்கள் உண்டு. பணியில் இருப்போரின் நோக்கில் பார்த்தால், எதிர்காலம் எப்பக்கம் சாயும் என்று அறிய இயலாத நிலையே எஞ்சியது. பெருந்தொற்று வந்து சேர்ந்தபோது இந்நிலையில்தான் அவர்கள் இருந்தனர்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. யுனெஸ்கோ 2021இல் வெளியிட்ட இந்தியக் கல்வி நிலை அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 1.1 லட்சம் ஓராசிரியர் பள்ளிகள் இருப்பதாகவும், 11.16 லட்சம் ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருப்பதாகவும் கூறிற்று. ஆள் தட்டுப்பாடு உள்ள சந்தையில் பணியாளரின் கை ஓங்கும் என்பது பொருளாதாரப் பாடநூல் கூறும் விதி. ஆசிரியர் சந்தையில் அவ்விதி செயற்படவில்லை. காலியிடங்கள் ஏட்டில் உள்ளன. அவற்றை நிரப்பும் நிதியும் ஆணையும் வேறிடத்தில் உள்ளன. எனவே ஆசிரியர் பற்றாக்குறையும் ஆசிரியரின் பணிநிலையின்மையும் ஒரே மாவட்டத்தில் அருகருகே வாழ்கின்றன.

கட்டணம் நின்றபோது

தனியார் பள்ளி எனும்போது பெருநகரங்களில் பெருங்கட்டணம் பெறும் பள்ளிகளே பலர் நினைவுக்கு வருகின்றன. நாட்டின் உண்மை நிலை வேறு. தேசிய மாதிரி ஆய்வின் தரவுகளைக் கொண்டு சென்ட்ரல் ஸ்கொயர் ஃபவுண்டேஷன் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தனியார் பள்ளி மாணவருள் சுமார் 70 சதவீதத்தினர் மாதம் ரூ. 1,000க்கும் குறைவான கட்டணமே செலுத்தினர். 45 சதவீதத்தினர் ரூ. 500க்கும் குறைவாகச் செலுத்தினர். இக்கட்டணத்தைத் தருவோர் சிறு வணிகர், ஓட்டுநர், தினக்கூலியர், கைவினைஞர் போன்றோர். ஊரடங்கில் முதலில் வருவாய் இழந்தவர்களும் அவர்களே.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். 200 மாணவர்கள் பயிலும் பள்ளி ஒன்றில் மாதக் கட்டணம் ரூ. 600 எனில் மாத வருவாய் ரூ. 1,20,000. பத்து ஆசிரியர்களுக்குத் தலைக்கு ரூ. 7,500 வீதம் ரூ. 75,000 செலவாகும். கட்டட வாடகையும் கடன் தவணையும் ரூ. 30,000 ஆகலாம். எஞ்சிய ரூ. 15,000இல் மின்கட்டணமும் பிற செலவுகளும் அடங்கவேண்டும். பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே கட்டணம் செலுத்தும் மாதத்தில் வருவாய் ரூ. 40,000ஆகக் குறைகிறது. வாடகையும் தவணையும் குறைவதில்லை. அவற்றைக் கொடுத்தபின் பத்து ஆசிரியர்களுக்கும் சேர்த்து எஞ்சுவது ரூ. 10,000, அதாவது ஒருவருக்கு ரூ. 1,000. இப்பள்ளியின் நிருவாகி கொடியவராக இருக்க வேண்டியதில்லை. சேமிப்பு இல்லாத நிறுவனத்தில் ஊதியமே முதலில் வெட்டப்படும் செலவாகிவிடுகிறது.

நடந்ததும் ஏறக்குறைய இதுவே. அதே அமைப்பு 20 மாநிலங்களில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஊரடங்கின்போது தனியார் பள்ளி ஆசிரியருள் குறைந்தது 55 சதவீதத்தினரின் ஊதியம் குறைக்கப்பட்டதாகக் கண்டது. குறைந்த கட்டணப் பள்ளிகளில் 65 சதவீத ஆசிரியர்களுக்கு ஊதியம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது; உயர்ந்த கட்டணப் பள்ளிகளில் இது 37 சதவீதம். கற்பித்தலைத் தவிர வேறு வருவாய் இல்லாதோர் 54 சதவீதத்தினர். மாதிரி சிறியதே எனினும் அது காட்டும் திசையில் ஐயமில்லை.

மாணவர்களும் இடம் பெயர்ந்தனர். கிராமப்புறங்களில் ஆண்டுதோறும் கல்வி நிலையை அளவிடும் ஏசர் ஆய்வின்படி, தனியார் பள்ளிகளில் பயின்ற குழந்தைகளின் பங்கு 2018இல் 32.5 சதவீதமாக இருந்து 2021இல் 24.4 சதவீதமாகக் குறைந்தது. அரசுப் பள்ளிகளின் பங்கு 64.3 சதவீதத்திலிருந்து 70.3 சதவீதமாக உயர்ந்தது. மாணவர் அரசுப் பள்ளிக்கு மாறுதல் எளிது. அவருக்குக் கற்பித்த ஆசிரியர் அவ்வாறு மாறுதற்கு வழியில்லை. 2020-21இலிருந்து 2021-22க்குள் நாட்டின் மொத்த ஆசிரியர் எண்ணிக்கை 96.96 லட்சத்திலிருந்து 95.07 லட்சமாகக் குறைந்தது. பள்ளிகளின் எண்ணிக்கையும் 15.09 லட்சத்திலிருந்து 14.89 லட்சமாயிற்று. இக்குறைவு முழுவதும் பெருந்தொற்றின் விளைவு எனக் கூறுதல் இயலாது. பள்ளிகளை இணைத்ததும் அதில் அடங்கும். ஆனால் சதவீதக் கணக்கில் ஆசிரியர் குறைவு அரசுப் பள்ளிகளைவிடத் தனியார் பள்ளிகளில் மிகுந்திருந்தது குறிப்பிடத்தக்கது.

உள்ளம் தளர்ந்த வகை

வருவாய் குறைந்ததோடு துன்பம் நிற்கவில்லை. சம்பளம் குறைந்த அதே மாதங்களில் வேலை மிகுந்தது. வகுப்பறை கைப்பேசிக்குள் புகுந்தது. கைப்பேசியும் அதற்கான இணையக் கட்டணமும் பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தச் செலவாயின. கரும்பலகையைத் தவிர வேறு கருவி அறியாதவர் சில வாரங்களில் காணொளி வகுப்பு நடத்தப் பழகவேண்டியதாயிற்று. வகுப்புக்கு முன் பாடத்தைப் பதிவு செய்தல், வகுப்புக்குப் பின் பெற்றோரின் அழைப்புகளுக்கு மறுமொழி கூறுதல், கட்டணம் செலுத்துமாறு அதே பெற்றோரிடம் நினைவூட்டுதல் எனப் பணி நேரம் வரையறையின்றி நீண்டது. கட்டணம் வந்தால்தான் தமக்குச் சம்பளம் என்பதை அறிந்த ஆசிரியர், தம் மாணவரின் தந்தையிடமே கட்டணம் கேட்கும் நிலைக்கு ஆளானார். ஆசிரியருக்கும் குடும்பத்திற்கும் இடையே காலங்காலமாக நிலவிய மதிப்புறவு இதனால் நலிந்தது.

நாட்டின் ஆசிரியருள் சரிபாதிக்குச் சற்று மேற்பட்டோர் பெண்கள். தம் குழந்தைகளும் வீட்டிலேயே இருக்க, ஒரே கைப்பேசியைத் தாயின் வகுப்பும் பிள்ளையின் வகுப்பும் பங்கிட்டுக்கொண்ட குடும்பங்கள் பல. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஊதியம் நிலைத்திருந்தது எனினும் அவர்களுக்கும் வேறுவகைச் சுமை இருந்தது. கணக்கெடுப்பு, தனிமைப்படுத்தும் மையங்கள், உணவுப் பொருள் வழங்கல், தேர்தல் ஆகிய பணிகளில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். இப்பணிகளில் ஒப்பந்த ஆசிரியரும் நிரந்தர ஆசிரியரும் அருகருகே நின்றனர். நோயுற்றால் கிடைக்கும் விடுப்பும், மறைந்தால் குடும்பத்திற்குக் கிடைக்கும் உரிமைகளும் மட்டும் இருவருக்கும் ஒன்றாக இல்லை.

தொழிலில் கிடைக்கும் நிறைவும் இக்காலத்தில் குன்றிற்று. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2020இல் ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடையே நடத்திய ஆய்வில், இணையவழி வகுப்புகளில் குழந்தைகளோடு உளப்பிணைப்பைக் காத்தல் இயலாது என 80 சதவீதத்திற்கு மேற்பட்டோர் கூறினர். பொருளுள்ள மதிப்பீடு இயலாது என்றோர் 90 சதவீதத்தினர். கற்பிப்பவருக்கு அன்றாடம் கிடைக்கும் பரிசு குழந்தையின் முகத்தில் தோன்றும் தெளிவு. கறுத்த சிறு திரைகளின் முன் பேசியவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அச்சம் ஊக்கம் தருமா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நேர்நின்று நோக்குதல் வேண்டும். பணி நிலையானது என்ற உறுதி சோம்பலை வளர்க்கிறது. பணி போய்விடும் என்ற அச்சமே உழைக்கச் செய்கிறது என்று கருதுவோர் நிருவாகத்திலும் பொருளாதாரத்திலும் உண்டு. அவர்களிடம் சான்றும் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் நடத்திய கள ஆய்வில், ஒப்பந்த ஆசிரியர்கள் நிரந்தர ஆசிரியர்களைவிடக் குறைவாகவே பணிக்கு வாராதிருந்தனர்: முன்னவருள் 18 சதவீதம், பின்னவருள் 27 சதவீதம். மிகக் குறைந்த ஊதியம் பெற்றும் அவர்களது கற்பித்தல் தரத்தில் தாழ்ந்திருக்கவில்லை. இந்தோனேசியாவில் ஆசிரியரின் அடிப்படை ஊதியம் இருமடங்காக்கப்பட்ட திட்டத்தை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வோ, ஊதியம் உயர்ந்தபின் மாணவரின் கற்றல் உயரவில்லை எனக் காட்டிற்று. ஆசிரியரின் மனநிறைவு கூடியதும், பணக்கவலை குறைந்ததும், பகுதிநேர வேறு வேலைகள் குறைந்ததும் அதே ஆய்வின் முடிவுகளே.

இச்சான்றுகளை ஒதுக்கிவிட்டுப் பணிப்பாதுகாப்பை வேண்டுதல் நேரியதாகாது. அவை கூறுவதைச் சரியாகப் புரிந்துகொள்ளுதலே முறை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலை ஒருவரை உழைக்கத் தூண்ட வேண்டுமாயின், உழைத்தால் புதுப்பிக்கப்படும் என்ற தொடர்பு இருத்தல் வேண்டும். நன்கு கற்பித்தவர் நீடிப்பார், கடமை தவறியவர் நீங்குவார் என்ற நம்பிக்கை உள்ள இடத்தில் அக்கவலை ஓரளவு தூண்டுகோலாகலாம். பெருந்தொற்று அத்தொடர்பை அறுத்தது. சிறந்த ஆசிரியரும் சாதாரண ஆசிரியரும் ஒரே மாதத்தில் ஊதியம் இழந்தனர். காரணம் அவர்களுடைய பெற்றோர் சமுதாயத்தின் வருவாய் நின்றதே. எவ்வளவு உழைத்தாலும் தடுக்க இயலாத இழப்பைக் கண்டு அஞ்சுதல் எவரையும் உழைக்கச் செய்வதில்லை. மழை பொய்த்த ஆண்டில் விளைச்சல் குறைந்ததற்காக உழவரைத் தண்டிப்பதால் அடுத்த ஆண்டு மழை பெய்துவிடாது.

அமெரிக்க உளவியலறிஞர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு இங்குப் பயன்படும். பணியில் உள்ள கூறுகளை அவர் இரு வகையாகப் பிரித்தார். ஊதியம், பணிப்பாதுகாப்பு, பணிச்சூழல் போன்றவை இல்லாதபோது அதிருப்தியை விளைவிப்பவை. அவை இருப்பதாலேயே ஊக்கம் பிறந்துவிடுவதில்லை. சாதனை, ஏற்பு, பொறுப்பு, பணியின் இயல்பு ஆகியவை ஊக்கத்தை விளைவிப்பவை. அவர் கருத்தைக் குறைகூறியோரும் உளர். ஆயினும் ஆசிரியர் விஷயத்தில் இப்பாகுபாடு தெளிவு தருகிறது. பணிப்பாதுகாப்பு ஊக்கத்தின் ஊற்று எனக் கொள்வதும் தவறு. அதை நீக்கினால் ஊக்கம் பிறக்கும் எனக் கொள்வதும் தவறு. அது அடித்தளம் போன்றது. அடித்தளம் மட்டுமே வீடாகிவிடாது என்பதற்காக எவரும் அதைத் தோண்டி எடுப்பதில்லை.

ஆகவே இருவகைப் பாதுகாப்பைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. கடமை தவறினாலும் நீக்கவியலாது என்னும் பாதுகாப்பு ஒன்று. தம் கட்டுக்கு அடங்காத பேரிடரில் வருவாய் முற்றிலும் அற்றுப்போகாது என்னும் பாதுகாப்பு மற்றொன்று. முன்னதைப் பற்றி வாதிடலாம். பின்னது காப்பீட்டின்பாற்பட்டது. அதற்கும் சோம்பலுக்கும் தொடர்பில்லை.

பாதுகாப்பு எங்கே நின்றது?

அரசு வாளாவிருக்கவில்லை. 2020 மார்ச் 29இல் மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் பிறப்பித்த ஆணை, ஊரடங்குக் காலத்தில் பிடித்தமின்றி ஊதியம் வழங்குமாறு பணித்தது. அது தொழில், கடை, வணிக நிறுவனங்களைக் குறித்து எழுதப்பட்டிருந்தது. பள்ளிகளை வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. அவ்வாண்டு மே 18 முதல் அந்த ஆணையும் நடைமுறையில் இல்லாதாயிற்று. 100 பேர் வரை பணியாற்றி, அவர்களுள் 90 சதவீதத்தினர் மாதம் ரூ. 15,000க்குக் குறைவாக ஊதியம் பெறும் நிறுவனங்களில், அவ்வூதியப் பிரிவினருக்குரிய வருங்கால வைப்புநிதிச் சந்தாவை, நிறுவனம், பணியாளர் ஆகிய இரு தரப்பிற்கும் சேர்த்து, 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மத்திய அரசே செலுத்திற்று. சேமநிதியிலிருந்து மூன்று மாத ஊதியம் வரை திரும்பச் செலுத்த வேண்டாத முன்பணமாகப் பெறவும் வழி செய்யப்பட்டது. தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகம், பணியிழந்த காப்பீட்டாளருக்குத் தரும் நிவாரணத்தை 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தி 90 நாட்கள் வரை வழங்கிற்று. மாணவர், ஆசிரியர், குடும்பத்தினர் ஆகியோரின் மனநலத்திற்காக 2020 ஜூலை 21இல் மனோதர்ப்பண் என்னும் உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. திக்ஷா தளத்தின் வழியாக ஆசிரியர் பயிற்சியும் இணையத்தில் நடந்தது.

இவை அனைத்தும் ஒரு பொதுத்தன்மை உடையவை: பதிவேட்டில் பெயர் உள்ளவரையே சென்றடைந்தன. வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்களுக்குப் பொருந்தும்; பத்து ஆசிரியர் கொண்ட சிறு பள்ளி அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. எல்லைக்குள் இருந்த பள்ளிகளிலும் நியமன ஆணையின்றி, கையில் ரொக்கமாகச் சம்பளம் பெற்றவர்களை எந்தத் திட்டமும் காணவில்லை.

சட்டத்தின் துணையும் மெலிந்தே இருந்தது. ஆசிரியர் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் ஆகார் என 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே பெருந்தொற்றுக் காலத்தில் பணிநீக்கம் செய்யப்பட்ட ஆசிரியர் தொழிலாளர் நீதிமன்றத்தை நாட இயலவில்லை. மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும் தனியார் பள்ளிச் சட்டங்களையே அவர் நம்பவேண்டியிருந்தது. பணிக்கொடைச் சட்டம் 2009இல் ஆசிரியருக்காகத் திருத்தப்பட்டது. அத்திருத்தம் செல்லும் என்ற தீர்ப்பு 2022 ஆகஸ்டில்தான் வந்தது. கட்டணம் தொடர்பாக 2021 மே 3இல் ராஜஸ்தான் பள்ளிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம், 2020-21ஆம் ஆண்டுக் கட்டணத்தில் 15 சதவீதம் குறைத்துப் பெறலாம் என வரையறுத்தது. பெற்றோரின் சுமைக்கும் பள்ளியின் செலவுக்கும் இடையே அது ஒரு நடுநிலை கண்டது. அக்கட்டணத்தில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு என்பதைக் கண்காணிக்கும் அமைப்பு மட்டும் இல்லை.

தெலங்கானாவின் முயற்சி

2021 ஏப்ரலில், பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டிருந்த நிலையில், தெலங்கானா அரசு ஒரு புதிய வழியை மேற்கொண்டது. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் பிற பணியாளர்களுக்கும் மாதம் ரூ. 2,000 ரொக்கமும், நியாயவிலைக் கடை மூலம் 25 கிலோ அரிசியும் வழங்கப்படும் என அறிவித்தது. ரொக்கம் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. இழந்த ஊதியத்தோடு ஒப்பிட்டால் தொகை சிறியது. அங்கீகாரமற்ற பள்ளிகளில் இருந்தோருக்கு அதுவும் இல்லை. எனினும் இம்முயற்சியின் மதிப்பு தொகையில் அடங்கியதன்று. தனியார் பள்ளி ஆசிரியரும் பொதுக் கல்விப் பணியில் ஈடுபட்டவர், அவரது வாழ்வில் அரசுக்கும் பொறுப்புண்டு என ஒரு மாநில அரசு ஏற்றுக்கொண்டது. யார் எங்கே கற்பிக்கிறார் என்ற பட்டியல் கையில் இருந்தால் உதவி சில வாரங்களில் சேரும் என்பதையும் அது மெய்ப்பித்தது.

செய்யத்தக்கவை

இவ்வனுபவத்திலிருந்து சில முடிவுகள் இயல்பாகவே எழுகின்றன. முதலாவது, எழுத்து வடிவிலான நியமன ஆணையும் வங்கி வழி ஊதியமும் பள்ளி அங்கீகாரத்தின் நிபந்தனைகளாதல் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஆசிரியரின் தகுதியோடு அவரது ஊதியத்தையும் பணி நிபந்தனைகளையும் விதித்தற்கு இடமளிக்கிறது. தகுதியைச் சரிபார்க்கும் ஆய்வு அலுவலர் ஊதியப் பட்டியலையும் சரிபார்த்தல் புதிய சட்டம் எதனையும் வேண்டி நிற்பதன்று.

இரண்டாவது, ஊதியக் காப்பு நிதி. மாதம் ரூ. 10,000 பெறும் ஆசிரியருக்காக ஆசிரியர், பள்ளி, மாநில அரசு ஆகிய மூன்று தரப்பினரும் தலைக்கு ஒரு சதவீதம் செலுத்துவதாகக் கொண்டால் மாதம் ரூ. 300, ஆண்டுக்கு ரூ. 3,600 சேரும். பத்தாண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலேயே, ரூ. 36,000 ஆகும். பேரிடரால் பள்ளி மூடப்படும்போது பாதி ஊதியத்தை ஏழு மாதங்கள் வழங்க இத்தொகை போதும். எந்தத் தரப்புக்கும் தாங்கவொண்ணாத சுமை இதில் இல்லை.

மூன்றாவது, கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் நலிந்த பிரிவுக் குழந்தைகளைச் சேர்க்கும் தனியார் பள்ளிகளுக்கு அரசு ஈடுசெய்யும் தொகை உரிய காலத்தில் சென்று சேர்தல் வேண்டும். சிறு பள்ளிக்கு அத்தொகை ஆசிரியரின் சம்பளமே. கோப்பு ஒரு மேசையில் தங்கும் ஒவ்வொரு மாதமும் வேறொரு வீட்டின் அடுப்பைத் தொடுகிறது என்பதை அலுவலர் நினைவில் கொள்ளுதல் நலம்.

நான்காவது, அரசுப் பள்ளிகளின் ஒப்பந்த ஆசிரியருக்குப் புதுப்பித்தல் விதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்படுதல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வரைவு, சிக்ஷா கர்மி, சிக்ஷா மித்ரா போன்ற துணை ஆசிரியர் நியமன முறையை 2022க்குள் நிறுத்தப் பரிந்துரைத்திருந்தது. உடனடியாக நிறுத்துதல் எல்லா மாநிலங்களுக்கும் எளிதன்று. ஆயினும் உழைப்புக்கும் புதுப்பித்தலுக்கும் இடையே தெளிந்த தொடர்பை ஏற்படுத்தவும், பேரிடர் மாதங்களை ஒப்பந்தக் காலத்திலிருந்து கழிக்காதிருக்கவும் பெரும் நிதி வேண்டுவதில்லை.

ஆசிரியரின் பணி நிலைத்திருத்தல் ஆசிரியர் நலனுக்கு மட்டுமின்றிக் கல்வியின் நலனுக்கும் இன்றியமையாதது என்பதை 1966 அக்டோபர் 5இல் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஏற்ற ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை வலியுறுத்திற்று. உலக ஆசிரியர் தினமாக 1994 முதல் கொண்டாடப்படுவது அந்நாளே. அன்று ஏற்ற நெறி எவ்வளவு தூரம் நிறைவேறிற்று என்பதை 2020, 2021ஆம் ஆண்டுகள் அளந்து காட்டின.

பள்ளிகள் மீண்டும் மூடப்படும் நாள் வாராதென எவரும் உறுதி கூற இயலாது. வெள்ளம், புயல், கடும் வெப்பம், தலைநகரின் காற்று மாசு ஆகியவற்றால் குறுகிய காலத்திற்குப் பள்ளிகளை மூடுதல் இப்பொழுதே வழக்கமாகிவருகிறது. இங்குள்ள மாணவருள் சிலர் நாளை ஆசிரியராவர். சிலர் ஆசிரியரின் ஊதியக் கோப்பில் கையொப்பமிடும் அலுவலராவர். அடுத்த இடர் வரும் நாளில் மேற்கூறிய அந்த ஊரின் மூன்று ஆசிரியர்களுடைய பெயரும் ஒரே பதிவேட்டில் இருக்குமாறு செய்வது அவ்விரு சாராரின் கையிலும் உள்ளது. அதற்கான வேலையைப் பள்ளிகள் திறந்திருக்கும் இக்காலத்திலேயே தொடங்குதல் வேண்டும்.